டிக்கிக் கதவு ஒயர்

டிக்கிக் கதவில் இருந்த பிரேக் லைட் எரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எலக்ட்ரீசியன் கதவைத் தூக்கினான். காரின் கூரையிலிருந்து கதவுக்குள் போகிற ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே ஒயர்கள் தோலுரிந்து கிடந்தன. ஒன்று அறுந்தே போயிருந்தது.

"திறந்து மூடி, திறந்து மூடி, மடங்கற எடத்துல அந்து போச்சுங்கய்யா. சின்ன வேலைதான்."

"சின்ன வேலையாவே முடி. நீ பாட்டுக்குப் பெரிசாக்கிடாதே," என்றார் பெரியவர்.

தெருவில் அவருக்குக் கேமரா என்று பெயர். யார் வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று கண் கொட்டாமல் பார்ப்பார். பல் டாக்டரிடமே முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டு வாங்கி, பிடுங்கப்போவது சரியான பல்தானா என்று பார்த்தவர்.

அன்று அவருக்கு அவசரம். வீட்டில் சமையலறைச் சுவர் பாதி பெயர்ந்து கிடந்தது. ஏற்கெனவே இரண்டு கொத்தனார்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தான் பக்கத்தில் நின்றதால் சிமெண்டைத் திருட முடியவில்லை, அதனால்தான் ஓடினார்கள் என்பது இவர் கட்சி. இன்று மூன்றாவது ஆள் வருகிறான். அவன் கரண்டியைத் தொடும்போது இவர் அங்கே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெறும் மணலை அப்பிவிட்டுப் போவான். அடுத்த மழைக்குச் சுவர் மாவாய்க் கொட்டும்.

"கொத்தனார் மத்தியானம்தான் வருவாராம். அதுக்குள்ள போய் அந்த லைட்டைப் பாத்துட்டு வந்துடுங்க. எவனாவது பின்னால வந்து இடிச்சான்னா?" என்று மனைவி அனுப்பி வைத்தாள். கடையும் பக்கத்துத் தெருதான் என்பதால் இவர் வந்தார்.

எலக்ட்ரீசியன் ஒயரை முறுக்கினான், டேப்பைச் சுற்றினான். "ஐயா, முன்னால உக்காந்து பிரேக்கை மிதிங்க."

"நான் முன்னால போனா உன் கையை யாரு பாக்கறது? நீ மிதி. நான் இங்க நிக்கறேன்."

அவன் போய் மிதித்தான். லைட் எரியவில்லை. பின் கண்ணாடியில் வைப்பர் எழுந்து, ஊருக்குப் போகிறவர்களுக்குக் கையாட்டுவது போல ஆடியது.

"ஏம்ப்பா, மழையே இல்லியே?"

"ஒயர் மாறிப்போச்சுங்க. ரெண்டும் ஒரே கலரு."

பெரியவர் குனிந்து பார்த்தார். ஒன்று பச்சை. இன்னொன்று சிவப்பு.

"இதுவா ஒரே கலரு?"

"அழுக்குல அப்படித் தெரிஞ்சுது."

திருட்டுப் பயல் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"கொத்தனார் வந்துட்டானா?"

"இன்னும் காணோங்க."

"வந்தா உக்கார வை. நான் வர்ற வரைக்கும் சுவத்துல ஒரு விரல் படக்கூடாது, சொல்லிட்டேன்."

"சரிங்க. நீங்களும் பக்கத்துலயே நின்னு பாத்துச் செஞ்சுக்கிட்டு வாங்க. யாரையும் நம்ப முடியல."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் இவளுக்குப் புத்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த தடவை லைட் எரிந்தது. ஆனால் அணையவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தான், எரிந்தது. சாவியைக் கழற்றினான், அப்போதும் எரிந்தது.

"எரியலைன்னீங்க. இப்ப எரியுது," என்றான் எலக்ட்ரீசியன்.

"என்ன, நக்கலா?"

மறுபடி பிரித்தான். மறுபடி முறுக்கினான். இந்தத் தடவை ரிவர்ஸ் கியர் போட்டதும் டிக்கிக் கதவு 'டக்' என்று தானாகத் திறந்து, குனிந்து நின்ற பெரியவரின் தாடையைப் பெயர்த்தது. எதிர்ப்பக்கத்து டயர் கடைக்காரன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டான்.

"என்ன பெரியவரே, வண்டிக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா?"

"பேயா இருந்தா விரட்டிடலாம்," என்றார் பெரியவர் தாடையைத் தேய்த்துக்கொண்டே. "இது எலக்ட்ரீசியன்."

வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. "போதும்பா சாமி. நீ ஒண்ணும் புடுங்க வேணாம். இப்படியே எடுத்துட்டுப் போறேன்."

"வண்டி ஸ்டார்ட் ஆகாதுங்களே. ஃபியூஸைக் கழட்டி வெச்சிருக்கேன்."

"மாட்டு."

"வேலை முடியாம மாட்டினா ஒயர் பத்திக்கும். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

நடந்து போனால் வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் வண்டியை இவனிடம் விட்டுவிட்டுப் போனால் நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிவிடுவான். இங்கேயே நின்றால் அங்கே சுவரில் மணல். பெரியவர் தெருவைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சரி, கடைசியா என்னதான் பண்ணணும்?"

"கதவை மூடும்போது உள்ள ஒயர் எங்க இழுக்குதுன்னு பாக்கணும். யாராவது டிக்கிக்குள்ள உக்காந்து பிடிச்சுக்கணும். டயர் கடைக்காரரைக் கூப்பிடட்டுமா?"

"அவனும் உன் கூட்டாளிதானே? நகரு."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெரியவரே ஏறினார். ஸ்டெப்னி மேல் குந்தி, தலையைக் குனிந்து, ஒயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கதவு இறங்கியது. 'டக்'.

"இழுக்கலைப்பா! திற!"

எலக்ட்ரீசியன் வெளியே பட்டனை அமுக்கினான். கதவு திறக்கவில்லை. ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அமுக்கினான். வைப்பர் எழுந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த பெரியவரின் முகத்தைத் துடைக்கப் பார்த்தது.

"டேய்! அங்க கொத்தனார் வந்திருப்பான்டா! மணலை அப்பிடுவான்டா!"

"பதட்டப்படாதீங்கய்யா. இதோ ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு அவன் காரின் பக்கவாட்டில் போய்த் திரும்பி நின்றான். அந்தப் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. ஒயரைக் கையில் பிடித்தபடி பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டார். நினைத்தது சரிதான். எங்கேயோ இருக்கிற கூட்டாளியோடுதான் பேசுகிறான். குரலைத் தணித்து, மரியாதையாகப் பேசினான்.

"அம்மா, சுவர் பூசி முடிச்சாச்சுங்களா? இல்ல, ஐயாவுக்கு இன்னும் ஒரு ஒயரை மாத்திப் போடட்டுங்களா?"