பரங்கிக்காய் சூப் வைத்துப் பெண் கேட்ட கதை

பல் பிடுங்கிய மனிதரிடம் பெண் கேட்டுப் போகக்கூடாது. பல் இருப்பவர் என்றால் காபி கொடுத்து, நாலு கேள்வி கேட்டு அனுப்பிவிடுவார். பல் இல்லாதவர் பசியோடு இருப்பார். பசியோடு இருப்பவருக்கு யோசனைகள் வரும்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, சூரத்தில் மூட்டை, கோவாவில் ஓட்டல் என்று சுற்றினேன். எங்கே சிக்கல் வந்தாலும் அன்றைக்கே ரயிலேறிவிடுவேன். (டிக்கெட்டோடு ஏறியது குறைவு.) கடைசியில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தபோது, மீன் வாங்க வந்த ஜோதியைப் பார்த்தேன். முதல் முறையாக ஓர் ஊரில் தங்கிவிட ஆசை வந்தது.

ஜோதியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சாரம் பகுதியில் அவர்கள் தெருவே அவரை பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’ என்றுதான் கூப்பிடும். ராத்திரி ஏழு மணிக்குக் காய்கறி சூப்போடுதான் அவர் சாப்பாட்டைத் தொடங்குவார். நான் பெண் கேட்டுப் போன அன்று காலையில்தான் கீழ்வரிசைப் பல் முழுவதையும் எடுத்திருந்தார்.

“கோவால ஓட்டல்ல இருந்தியாமே?”

“ஆமாங்க. கிச்சன்ல.” (பாத்திரம் கழுவினாயா என்று அவர் கேட்கவில்லை.)

“ஊர் ஊரா ஓடுறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு நான் எந்த ஸ்டேஷன்ல போய்த் தேடுறது? சரி, அத அப்புறம் பேசலாம். மொதல்ல ஒரு சூப் வையி.”

கோவாவில் பெரிய சமையல்காரர் செய்ததைப் பார்த்திருக்கிறேன். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, பரங்கிக்காய், கேரட், உருளைக்கிழங்கு போட்டு வேகவைத்து, சட்டிக்குள்ளேயே ஒரு நீளமான மெஷினை விட்டுக் கடைவார். இங்கே அந்த மெஷின் இல்லை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சட்னி அரைக்கும் மிக்ஸிதான் இருந்தது. மணி ஏழாகப் போகிறது. முசியே கரண்டியால் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

“கொதிக்குது, ஆறட்டும்” என்றாள் ஜோதி.

“கோவால நாங்க ஆற வெக்கறதே இல்ல.”

சட்டியில் பாதியை எடுத்து ஜார் முட்ட ஊற்றி, மூடியை அழுத்தி, ஸ்விட்சைத் திருப்பினேன்.

முதலில் மூடி போனது. பின்னாலேயே பரங்கிக்காய் போனது. கூரையில் அடித்தது போக மிச்சத்தை மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் எல்லாருக்கும் சரிசமமாகப் பங்கு போட்டது. முசியேவின் வழுக்கையில் ஒரு மஞ்சள் உருண்டை உட்கார்ந்திருந்தது. அவர் அசையவில்லை. பட்டாளப் பழக்கமாக இருக்கலாம்.

என் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. கதவு திறந்துதான் இருந்தது. செருப்பும் தெரிந்தது. அப்போது ஜோதியைப் பார்த்தேன். புருவத்தில் கேரட்டோடு நின்றவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் துடைப்பான் எங்கே என்று கேட்டேன்.

தரையைத் துடைத்தேன். சட்டியில் இருந்த மீதியைப் பருப்பு மத்தால் கடைந்தேன். கை சும்மா இருக்காமல் வடகத்தைப் போட்டுத் தாளித்துக் கொட்டியது. கொட்டிய பிறகுதான் அது சூப் என்று ஞாபகம் வந்தது. வேறு வழியில்லாமல் தட்டில் ஊற்றி வைத்தேன்.

முசியே ஒரு கரண்டி குடித்தார்.

“இது சூப் இல்ல.”

“தெரியுங்க.”

“சாம்பாரும் இல்ல.”

“ஆமாங்க.”

“இன்னும் கொஞ்சம் ஊத்து.”

மூன்றாவது தட்டு முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார். “நான் கதவயேதான் பாத்துட்டிருந்தேன். இப்ப ஓடுவான், இப்ப ஓடுவான்னு. நீ ஓடல. நாளைக்கு வந்து ஃபேனத் தொடச்சுக் குடு. கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசலாம்.”

பேசி முடித்தோம். அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன். முசியே பல்செட் போட்டு நண்டு கடிக்கிறார். ஆனால் நான் மிக்ஸி பக்கம் போனால் மட்டும் கூடத்தில் குடையை விரித்து உட்கார்ந்துகொள்கிறார். “தாத்தா, அப்பா வராரு!” என்று கத்திக்கொண்டே என் மகளும் அந்தக் குடைக்குள் நுழைந்துவிடுகிறாள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஓடுகிறவர்கள் அவர்கள்தான்.