பேசாத காரும் பயந்துபோன தைரியராஜும்

சத்தம் கேட்பவர்கள் என்று ஒரு ரகம் இருக்கிறது. இவர்களுக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. அடுத்தவர் காரில் ஏறி, வேட்டியைச் சரிசெய்து, கண்ணாடியை இறக்கி, பின்னால் பேசிக்கொண்டிருப்பவர்களைக் கை உயர்த்தி அடக்கி, தலையைச் சற்றே சாய்த்து, "கொஞ்சம் மெதுவா போங்க... இப்பக் கேட்டுச்சா?" என்பார்கள். உங்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் "ஆமா, கேட்டுச்சு" என்பீர்கள். சொந்தக் காரைப் பற்றியே தெரியாதவர் என்று பெயர் வாங்க யாருக்கு மனம் வரும்?

எங்கள் தென்னூரில் இந்த ரகத்துக்குத் தைரியராஜ். ரயில்வே ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்பானரைக் கையால் தொட்டதில்லை. தொடாமலேயே எந்த நட்டு லூஸ் என்று சொல்வார்.

1958-இல் அச்சாபீஸ் அமிர்தசாமியின் காருக்கு வயது இருபது. பள்ளத்தில் இறங்கினால் அடியில் 'டொங்' என்றது. அந்த வாரம் பார்த்து அவருக்குக் கவலை வந்ததில் நியாயம் இருந்தது. முசிறியில் கட்டிக்கொடுத்த மகள் டோரதிக்கு எட்டாம் மாதம். சனிக்கிழமை தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். பஸ்ஸில் அலைய விடமாட்டேன், உடம்பு அலுங்காமல் காரில் கூட்டிவருகிறேன் என்று சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒர்க்‌ஷாப் ஹபீபுல்லா பாய் முதல் நாளே காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டார். "அடிச்சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் செத்துப்போச்சுங்க. இரும்பும் இரும்பும் இடிக்குது. வேற ஒண்ணுமில்லை."

தைரியராஜுக்கு இது ருசிக்கவில்லை. உள்ளங்கை அகல ரப்பர் துண்டா இவ்வளவு பெரிய சத்தத்துக்குக் காரணம்? திங்கட்கிழமை ஸ்பிரிங் பட்டை என்றார், கழற்றினார்கள். செவ்வாய்க்கிழமை சைலன்சர் என்றார், அதையும் கழற்றினார்கள். காவேரிப் பாலத்து மேடு பள்ளத்தில்தான் துல்லியமாகக் கேட்கும் என்று புதன்கிழமை மூன்று முறை ஸ்ரீரங்கம் போய் வந்தார்கள். மூன்று முறையும் அங்கே காபி நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை பாய் யாரையும் கேட்கவில்லை. சீமை ரப்பர் இறக்குமதி நின்றுபோன காலம். பழைய லாரி டயரை அறுத்துத் துண்டுகள் செய்து, சட்டத்தில் பாடி உட்காரும் எட்டு இடத்திலும் வைத்து இறுக்கினார். கார் வாயை மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை தைரியராஜைப் பாலம் வரை கூட்டிப்போய்க் காட்டினார் அமிர்தசாமி. தைரியராஜ் முகம் இருண்டது.

"சத்தமே இல்லீங்களே."

"ஆமாங்க. நல்லதுதானே?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு. இருபது வருஷத்து வண்டி. நேத்து வரைக்கும் இருந்த சத்தம் எங்க போயிருக்கும்? உள்ள எங்கயோ அடைச்சுக்கிட்டு நிக்குது. மாசமா இருக்கிற பொண்ண ஏத்தப் போறீங்க. ஒரு தடவை தொறந்து பாத்துடுங்க."

அமிர்தசாமி வண்டியை ஓரங்கட்டினார். "எனக்கும் அப்படித்தாங்க தோணுச்சு."

"இறுக்கி வெச்சதைப் பிரிச்சா ரப்பர் கிழிஞ்சிரும். மறுபடி அறுத்துப் போட ரெண்டு நாள் ஆகும்" என்று ஒர்க்‌ஷாப்பில் பாய் மன்றாடினார். பிரித்தார்கள். உள்ளே சத்தம் எதுவும் இல்லை. ரப்பர் கிழிந்தது.

சனிக்கிழமை கார் ஜாக்கியின் மேல் நின்றது. டோரதி முசிறி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கடைசி சீட்டுதான் கிடைத்ததாம். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். அமிர்தசாமி மகள் முகத்தைப் பார்க்காமல் கூடையை வாங்கிக்கொண்டார். கூடப் போயிருந்த நான் அவள் பெட்டியை இறக்கினேன். தைரியராஜ் பஸ்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்பக்கம் வலது சக்கரத்துல ஒரு சத்தம் வருதும்மா. கவனிச்சியா?"

"அது மேலதான் அங்கிள் உட்கார்ந்து வந்தேன்" என்றாள் டோரதி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேர்மையாக ஒன்று சொல்லுங்கள். பாய் லாரி டயரை அறுத்தார் என்று படித்தபோது, 'லாரி டயர் ரொம்பக் கெட்டியாச்சே, கார் டியூபை நாலாக மடித்து வைத்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். என் வண்டி நேற்றுத்தான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு எங்கள் தெருப் பக்கம் வராதீர்கள்.