கொம்பையா அழித்த மைனஸ்

ஒரு காட்டில் கணக்குத் தெரிந்த முயல் ஒன்று இருந்தது. பெயர் தாமிரா. கணக்கோடு நிறுத்தியிருக்கலாம், வாயும் இருந்தது. அதுதான் வம்பு.

அவள் வளைக்கும் ஓடைக்கும் நடுவே வெறும் பொட்டல். குட்டிகளோடு தண்ணீருக்குப் போனால் மேலே பருந்து வட்டமிடும். போன வாரம் ஒரு குட்டியைத் தூக்கியே விட்டது. ஆகக் குறைந்த தூரத்தில் ஒரு பாதை வேண்டும் என்று பாதைக் குழுவிடம் போனாள்.

"ஓடைக்குச் செங்குத்தாப் போனாத்தான் சார் தூரம் கம்மி," என்று மணலில் வரைந்தாள். "ஓடை y = 2x. சாய்வு 2. செங்குத்துன்னா ரெண்டு சாய்வையும் பெருக்கினா −1 வரணும். அப்போ பாதையோட சாய்வு −½. என் வளை (0, 5)-ல இருக்கு. ஆக, y = −½x + 5. அவ்வளவுதான்!"

குழுத் தலைவர் கொம்பையா, வயசான கலைமான், முகம் சுளித்தார்.

"எடுத்த எடுப்புல மைனஸா? நல்ல காரியத்துல கழித்தல் வரலாமாம்மா?"

"அது அபசகுனம் இல்ல சார், திசை!"

"படிச்ச புள்ளைங்களோட இதே தொல்லை," என்று மைனஸைக் குளம்பால் அழித்தார். குழு கைதட்டியது.

சாய்வு ½ ஆயிற்று. பாதையும் ஓடையைத் தொடத்தான் செய்தது. ரொம்பத் தள்ளி, புலியின் குகை வாசலை உரசிக்கொண்டு.

"சார், அங்கே புலி இருக்கு!"

"கேட்டாச்சும்மா. அவருக்கு ஆட்சேபணையே இல்லையாம். ரொம்ப சந்தோஷப்பட்டார்."

திறப்பு விழா. புதுப் பாதையில் தலைவர்தான் முதலில் நடப்பது காட்டு வழக்கம். மாலையோடு வந்த கொம்பையாவைத் தாமிரா மறித்தாள். "கடைசியாச் சொல்றேன் சார், அந்த மைனஸ்..."

"நல்ல நாள்ல வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரும்மா!"

தாமிரா யோசித்தாள். குட்டிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சரி சார். வழக்கத்தை மாத்த வேண்டாம். நீங்க முன்னாடி போங்க."

போனார். மாலை மட்டும் திரும்பக் கிடைத்தது.

அன்றே புதுத் தலைவரான காட்டெருமையிடம் பழைய சமன்பாட்டை நீட்டினாள். "மைனஸ் இருக்கேம்மா?" என்று இழுத்தார் அவர்.

"பிளஸ் போட்டவர் எங்க சார்?"

அங்கேயே அனுமதி கிடைத்தது. குட்டிகள் இப்போது நாலே தாவலில் ஓடைக்குப் போய்விடுகின்றன. பாதைக்கு, தொலைநோக்குள்ள கொம்பையாவின் பெயர்.

நீதி: சரியான விடையை ஏற்க வைக்க நிரூபணம் போதாது, தவறான விடையில் தலைவரை முதலில் நடக்கவிட வேண்டும்.