மூன்று ஊர்த் திரைகளில் என் கல்யாணம்

காலம் முன்னோக்கித்தான் ஓடும் என்று நம்புகிறவர்கள் நான் எழுதிய மென்பொருளைப் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பதிவெல்லாம் கோவைக் கம்ப்யூட்டரில் ஏறும். துடியலூர், வெள்ளகோவில் பதிவுக் கிளைகளில் அதன் நகல் இருக்கும். புதுப் பதிவுகள் டெலிபோன் வழியாகப் போய்ச் சேரும். கேட்கிறவருக்கு அந்தந்தக் கிளை நகலிலிருந்தே பதில், ஒரே நொடியில். (அந்த நொடியில் எனக்கிருந்த கர்வம் ஒரு யுகத்துக்குப் போதும்.)

அதில் என் கல்யாணத்தையே பதிந்தேன். பெண் சுமதி. ஒரே ஒருமுறை பேசியிருந்தோம்; சிறுவாணித் தண்ணீர் ஏன் இனிக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சுமதியின் அப்பா திங்களன்று துடியலூர்த் திரையில் எங்கள் பெயரைப் பார்த்து மகிழ்ந்தார். புதனன்று பங்காளிகளுக்குக் காட்ட வெள்ளகோவில் கிளைக்குக் கூட்டிப்போனார். அங்கே அந்த முகூர்த்தம் காலி. நாலைந்து நாளாக அந்த ஊர் லைன் செத்துக் கிடந்தது. அந்த நகலுக்கு எங்கள் கல்யாணமே தெரியாது.

நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங் மாப்பிள்ளை, மண்டபத்த வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களா?"

"இல்லீங்க மாமா. வெள்ளகோவில்ல இருக்கறது பழைய தகவலுங்க."

"திங்கக்கெழமை இருந்த பேரு புதங்கெழமை இல்லீங்க. பின்னால பாத்தது எப்படிங்க பழசாகும்?"

நியாயமான கேள்வி. எழுதும்போது நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி. அவரைக் கோவைக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப்போய் நிறுத்தினேன். எங்கள் பெயர் பளிச்சென்று இருந்தது.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இந்தப் பொட்டிக்குச் சொல்லிக்குடுக்கறதே நீங்கதானுங்களே, தம்பி."

மாப்பிள்ளை தம்பியான இடத்தில் சம்பந்தம் முறிந்தது.

அழுதுகொண்டே திருத்தினேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண். ஒருவர் கடைசியாகப் பார்த்த எண் அவர் கைச்சீட்டில் இருக்கும். அந்த எண்வரை பதிவுகள் வந்துசேராத நகல் பதில் சொல்லக்கூடாது, "கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும் காட்ட வேண்டும். (மொத்தம் இரண்டே நாள் வேலை.)

புது முறையில் பிசகே இல்லாமல் பதிவான முதல் கல்யாணம் சுமதியுடையது. மாப்பிள்ளை வேறு. அவள் அப்பா மூன்று ஊருக்கும் போய்ச் சரிபார்த்தாராம். ஓர் எழுத்து மாறவில்லை.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆயிற்று. இன்றும் நான் போனில் "கிளம்பிட்டேன்" என்றால், "எந்த ஊருப் பொட்டியிலங்க?" என்று கேட்பாள் மனைவி. பக்கத்தில் மகள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும்.

நானும் சிரிப்பேன். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்துசேரும்.