விற்றுப்போன டிராக்டர்

முதலியார்பேட்டை பிள்ளையார் கோயில் வாசலில், மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் தணிகாசலம் கையிலிருந்த காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

சாமந்தி மாலை, சீரியல் பல்பு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. எவ்வளவு மூடினால் என்ன? அது அவருடைய டிராக்டர்தான்.

போன ஆடி மாதம் அவர் மனைவி அமிர்தவல்லி, "இந்த வீட்ல ஒண்ணு அந்தத் துருப்பிடிச்ச வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்னால் செய்யப்பட்ட வண்டி அது. உழுவதற்கு நிலம் கிடையாது. வாசலில் நின்று எண்ணெய் ஒழுக்குவதுதான் அதற்கு வேலை. தணிகாசலம் மனைவியின் தலையில் கைவைத்து, "கோரிமேட்டுக் காயலான் கடைக்கு வித்துட்டேன்" என்று சத்தியம் செய்தார். வண்டியை நோணாங்குப்பத்தில் மெக்கானிக் மஜீதின் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில், "பேங்க்ல ஆடிட்" என்று கிளம்பிப்போய் அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்.

இப்போது அதே வண்டி, அமிர்தவல்லியின் அண்ணன் மகன் அருள்முருகனின் கல்யாணத்துக்கு வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் மஜீத்.

தணிகாசலம் அவரைக் கோயில் தேர் நிற்கும் தேர்முட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"என்னா பாய் இது?"

"பந்தல்காரரு கேட்டாரு, குடுத்தேன் சார். உங்க வீட்டுக் கல்யாணம்னு சத்தியமா தெரியாது. அம்மா வந்திருக்காங்களா?"

"வராம? மாப்பிள்ளைக்கு அத்தை அவ!"

மஜீதுக்கு முகமெல்லாம் வியர்த்தது. "அய்யோ."

"என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத."

மஜீத் தலையாட்டினார். திரும்பி வந்ததும் கூட்டத்துக்கு நடுவே நின்று, "இவர் யாரு சார்? இவர நான் பார்த்ததே இல்ல!" என்று உரக்கச் சொன்னார். அப்படி யாரும் அவரிடம் விசாரிக்கவே இல்லை. நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தணிகாசலத்தைப் பார்த்தார்.

தணிகாசலம் மனைவியைத் தேடினார். அவள் தூணுக்குப் பின்னால், முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். வண்டியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இது வேணாம்" என்றாள், மாப்பிள்ளையின் அம்மா சுமலதாவிடம். "பழைய வண்டி. நடுரோட்ல நின்னுடும். கார் சொல்லுங்க."

கண்டுபிடித்துவிட்டாள்! தணிகாசலம் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஆனாலும் கார் என்பது நல்ல யோசனை. வண்டி கிளம்பாவிட்டால் கார்தானே வரும்?

அவர் மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, டீசல் குழாயின் திருகை மூடினார்.

அருள்முருகன் பட்டுவேட்டியோடு மட்கார்டில் ஏறி உட்கார்ந்தான். மேளம் முழங்கியது. குழாயில் மிச்சமிருந்த டீசலில் வண்டி பெருமையாக நகர்ந்து, தெரு முனையில், சரியாக நடு ரோட்டில் இருமிவிட்டு நின்றது.

"காரக் கூப்புடுங்க!" என்றார் தணிகாசலம் உற்சாகமாக.

"எப்படிண்ணா வரும்?" என்றாள் சுமலதா. "இது வழிய மறிச்சுக்கினு நிக்குதே!"

முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு தண்ணீர் லாரி. இரண்டும் போட்டி போட்டு ஹாரன் அடித்தன. நல்ல நேரம் போகிறது என்று ஐயர் மண்டபத்திலிருந்து போன் போட்டார். மஜீத் திருகைத் திறந்துவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினார். கர்ர்ர் என்றது. மறுபடி அழுத்தினார். கர் என்றது.

"பேட்டரிய தீத்துடாதய்யா!" என்று தணிகாசலம் கத்திவிட்டார். "லைன்ல காத்து புடிச்சிருக்கு. ஏர் எடுக்கணும்!"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மாமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் மாப்பிள்ளை.

"யூடியூப்ல பார்த்தேன்."

"அப்ப நீங்களே எடுங்க மாமா. நேரமாகுது."

வேறு வழியில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஸ்பேனரை வாங்கி, பம்பின் நட்டைத் தளர்த்தினார். நுரையாக வந்த டீசல், மாமனார் வீட்டில் அவருக்கு எடுத்துக் கொடுத்த பட்டுவேட்டியில் பீய்ச்சி அடித்தது. நுரை அடங்கியதும் நட்டை முறுக்கினார். பேட்டரியில் இருந்த கடைசி மூச்சில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவே கைதட்டியது.

"அண்ணா, நீங்களே ஓட்டிடுங்க" என்றாள் சுமலதா. "அந்த பாய நம்பி என் புள்ளைய ஏத்த மாட்டேன்."

மஜீத் அதற்குள் வண்டியிலிருந்து குதித்து, பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தே போயிருந்தார்.

"அமிர்தம், நீயும் ஏறு. அத்தைக்காரி பக்கத்துல இருக்கணும்" என்றாள் சுமலதா.

"நானா? எனக்கு டிராக்டர்னாலே தலை சுத்தும் அண்ணி!"

"ஏறுடீன்னா!"

நாலு பெண்கள் சேர்ந்து அவளைத் தூக்காத குறையாக இன்னொரு மட்கார்டில் உட்கார வைத்தார்கள். அவள் முந்தானையை இன்னும் இறக்கி விட்டுக்கொண்டாள். தணிகாசலம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும்? தலையில் அடித்த சத்தியம் அல்லவா? இன்று ராத்திரியே பெட்டியோடு கடலூர் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவாளோ?

"அமிர்தம்..." என்று மெல்ல ஆரம்பித்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். சீக்கிரம் போங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டார். மண்டபம் கண்ணுக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாப் ஓரத்தில், பின்னால் நடந்து வந்த ஊர்வலத்துக்காக வேகத்தைக் குறைத்தார். மீன் விற்று முடித்து, காலிக் கூடையோடு நோணாங்குப்பம் பஸ்ஸுக்காக நின்றிருந்த அஞ்சலாட்சி, டிராக்டரைப் பார்த்தாள். மட்கார்டில் இருந்தவளை உற்றுப் பார்த்தாள். வாயெல்லாம் பல்லாகக் கூவினாள்:

"இன்னா அமிர்தம்மா, டெய்லி மத்தியானம் எங்க ஊரு ரோட்ல நீ ஓட்டினு போற வண்டிய இன்னைக்கு ஆரோ டிரைவர்கிட்ட குடுத்துட்டு சும்மா குந்தினு வர்ற?"