அல் குசைஸில் ஒரு சீனச் சுற்றுலா

ஊழியர்களின் மகிழ்ச்சியே நிறுவனத்தின் மூலதனம் என்பது எங்கள் கம்பெனியின் கொள்கை. அந்த மூலதனத்தைப் பெருக்குவதற்கென்றே பத்மநாபன் சார் மகிழ்ச்சி மேலாளராக நியமிக்கப்பட்டிருந்தார். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் துபாயில் கொஞ்சம் வசதி உள்ளவர்களெல்லாம் சீனாவில் ஒரு பழமையான நீர்க் கிராமத்துக்குப் போய், கால்வாய் ஓரம் நின்று படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போகாதவர்களை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. எங்கள் முதலாளியும் போனார். வந்த கையோடு, தொழிலாளர் கேம்ப்பில் எங்கள் ரூம்காரர்களை அதே கிராமத்துக்கு ஒருநாள் சுற்றுலா அனுப்பும்படி உத்தரவு போட்டார். கம்பெனிகளுக்குக் கொடுக்கிற மகிழ்ச்சி விருதுக்கு அனுப்பப் படம் தேவைப்பட்டது.

எங்கள் ரூம் ராக்கப்பனுக்கு மட்டும் இதில் இஷ்டமில்லை. அவன் சீனாவைக் கேட்கவில்லை, ஊருக்குப் போக லீவுதான் கேட்டுக்கொண்டிருந்தான். வைகாசியில் மகளுக்குக் காதுகுத்து. அப்பனுக்கு லீவு கிடைக்காமலே தள்ளிப்போட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்துவிட்டது.

கிளம்ப வேண்டிய அன்று பேய்மழை. விமானம் எதுவும் கிடையாது. அல் குசைஸ் கேம்ப்புக்குள் முழங்கால் அளவு தண்ணீர். விருதுக்குப் படம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். பத்மநாபன் சார் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நிலவரத்தை ஆராய்ந்தார்.

“நீர்க் கிராமம்னா என்ன? ரெண்டு பக்கமும் வீடு, நடுவுல தண்ணி. இங்க?”

“ரெண்டு பக்கமும் ரூம், நடுவுல சாக்கடைத் தண்ணி சார்,” என்றான் எங்கள் ரூம் முனியசாமி.

“தண்ணி தண்ணிதான். பழமை?”

“ஏசியை நாங்க வந்த நாள்லேர்ந்து மாத்தல.”

“அப்ப பழமையும் இருக்கு. பக்கெட்டு, ஃபேன், உங்க கால்ல கெடக்குற செருப்பு, எல்லாம் எங்க செஞ்சது?”

“சீனாவுல சார்.”

“அப்புறம் என்ன? யல்லா, ஆரம்பிங்க.”

ஆபீசிலிருந்து பானுமதி மேடம் அட்டையில் கூம்புத் தொப்பி செய்து கொடுத்தனுப்பியிருந்தார். மெஸ்ஸில் இருந்த பிரியாணி அண்டா படகாக அறிவிக்கப்பட்டது. ராக்கப்பனை அதில் உட்காரவைத்து முனியசாமி தள்ளினான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தொப்பி எனக்கு எடுப்பாக இருந்ததால் நானும் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டேன்.

படம் அவ்வளவு நன்றாக வந்துவிட்டது. ‘சீனாவில் நான்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினோம். எவன் முதலில் அனுப்பினான் என்பதில் இன்றுவரை தகராறு. ராக்கப்பன் மனைவி மாரியம்மாள் அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். ஊரே விசாரித்ததாம். கம்பெனிக்கு விருதும் கிடைத்தது.

ராக்கப்பன் லீவு கேட்கப் போனான். துணைக்கு நானும் போனேன்.

“வருஷத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம்தான் அனுமதி. நீதான் சீனா போயிட்டு வந்துட்டியே,” என்றார் பத்மநாபன் சார்.

“ஊருக்குப் போறது வெளிநாடா சார்?”

“இங்கேருந்து பார்த்தா வெளிநாடுதானே.”

“நான் கேம்ப்ப விட்டு எங்கயும் போகலயே சார். அண்டாவுலதான உக்காந்திருந்தேன்.”

பத்மநாபன் சார் போனை எடுத்து, யாரோ அவருக்கு அனுப்பியிருந்த அந்த ஸ்டேட்டஸைக் காட்டினார். “அப்போ வீட்டுக்குப் பொய் சொன்னியா? பொய் சொல்ற ஆளுக்குக் கம்பெனி எப்படி லீவு கொடுக்கும்?”

ராக்கப்பன் வெளியே வந்தான். ரூமுக்கு வந்து, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு மாரியம்மாளைக் கூப்பிட்டான்.

“லீவு இல்லங்கிறாக புள்ள.”

மாரியம்மாள் உடனே பிடித்துக்கொண்டாள்.

“சீனாவுக்குப் போக லீவு கெடச்சுச்சு. பெத்த புள்ள காதுகுத்துக்குக் கெடைக்கலயாக்கும்?”

அண்டாவைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று அவன் வாயெடுத்தான். நாங்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்று கையைக் காட்டினோம். ‘நீயும் அண்டாவுலதானா’ என்று எங்கள் வீடுகளிலும் கேட்பார்களே.