சீர்வரிசையோடு போன குளம்

நிலத்தை விற்றவர்கள் உண்டு, வளைத்துப் போட்டவர்கள் உண்டு. நிலத்தைக் கட்டிக்கொடுத்த ஒரே மனிதர் எங்கள் பீஸ்கட்டை அண்ணன்தான்.

விருத்தாசலத்தில் மற்றவர்கள் பீங்கான் பொம்மை செய்தபோது, இவர் கரண்டுக்கான பீஸ்கட்டை செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டறைக்குப் பின்னால் அவருக்குச் சொந்தமாக ஒரு களிமண் பள்ளம். மண்ணெடுத்து ஓய்ந்த பள்ளத்தில் மழைநீர் தேங்கி, கருவேலம் முளைத்து, நாரையும் கொக்கும் கூடு கட்டின. அன்றிலிருந்து அண்ணனுக்கு அதுதான் உலகம்.

மகள் கல்யாணத்தைப் பட்டறை வாசலிலேயே வைத்தார். ஐயர் "கெட்டிமேளம்!" என்றதும் அண்ணன் பாய்ந்து தவில்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "குஞ்சு பொரிச்சிருக்குதுங்க, மெதுவா!" தவில்காரர் விரல் நுனியால் தட்ட, பின்வரிசைச் சம்பந்திகள் தாலி கட்டியாயிற்றா என்று எங்களைக் கேட்டார்கள்.

பள்ளத்தை மனை போடத் தரகர்கள் நச்சரித்தார்கள். அண்ணன் அசையவில்லை. ஆனாலும் ஒரு பயம் அரித்தது.

"நான் இருக்கற வரைக்கும் சரி. எனக்கப்புறம் மண்ணடிச்சு மூடிடுவாங்களே?"

அண்ணியையும் மகளையும் சம்மதிக்க வைத்து, வனத்துறைக்கே எழுதிக்கொடுக்கத் துணிந்தார். துணைக்கு என்னை அழைத்தார். போனால் அண்ணி கையில் தாம்பூலத் தட்டு, அவர் கையில் பழத்தட்டு. பித்தளைக் குடம் என் தலையில் கட்டப்பட்டது. வனத்துறை அலுவலகத்தில் எங்களைப் பார்த்ததும் அதிகாரி எழுந்தேவிட்டார்.

"ஐயா, லஞ்சமெல்லாம் வாங்கறதில்லைங்க, எடுத்துட்டுப் போங்க!"

"லஞ்சமா? பொண்ணு குடுக்க வந்திருக்கேங்க. வெறுங்கையோடவா அனுப்புவாங்க?"

அதிகாரி இன்னும் மிரண்டார். "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க!"

விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. நிலத்துக்காக மேலிடத்துக்கு எழுதுகிறேன், தட்டை மட்டும் தொடமாட்டேன் என்றார் அவர்.

"சீர் வேணாம்னா சம்பந்தமும் வேணாம்" என்று அண்ணன் கிளம்பிவிட்டார். குளம் போச்சு என்று எனக்குப் பகீரென்றது.

அண்ணிதான் காப்பாற்றினார். "ஒரு பழமாச்சும் எடுத்துக்குங்க தம்பி. இல்லன்னா இவரு தூங்கமாட்டாரு."

அதிகாரி ஒரே ஒரு வாழைப்பழத்தை எடுத்து, எல்லோரும் பார்க்க உரித்துத் தின்றார். சம்பந்தம் முடிந்தது. சில மாதங்களில் பதிவும் முடிந்தது.

இப்போது அண்ணன் தினமும் குளத்துக்குப் போகிறார். ஆனால் வனத்துறை போட்ட வேலிக்கு வெளியேதான் நிற்பார். "பொண்ணு குடுத்த வூட்ல கூப்பிடாம நுழையலாமா?" வனக்காவலர் வந்து அழைத்தால்தான் கால் எடுத்து வைப்பார்.

நேற்று காவலரைக் காணோம். அண்ணன் பாவமாக நின்றிருந்தார். நான் படலைத் திறந்து உள்ளே போய் நின்று, "வாங்க சம்பந்தி" என்றேன்.

முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். இந்த மனிதருக்கு நான் எந்தப் பக்கத்துச் சொந்தமாகவும் இருப்பேன்.